ஒளிர் வேதி உணரி

குறிப்பிட்ட ஓர் அயனியையோ மூலக்கூறையோ பற்றிக்கொண்டு, பற்றியதைத் தன் ஒளிர்வு மாற்றத்தால் காட்டிக்கொடுக்கும் சேர்மம் ஒளிர் வேதி உணரி எனப்படும். மோரின் என்ற தாவரச் சாயம் அலுமினியத்தோடு சேர்ந்து ஒளிர்வதை 1867இல் சுவிட்சர்லாந்தின் கோப்பல்ஸ்ரோடர் பயன்படுத்தினார். இத்துறையின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையும் இமிடசோல் வகைச் சேர்மங்களின் ஒளிர்வை ஆராய்ந்துவருகிறது.

உணரியில் இரண்டு உறுப்புகள் முக்கியம்: அயனியைப் பிடிக்கும் ஏற்பி, ஒளியை உமிழும் ஒளிர்பகுதி. ஏற்பி பெரும்பாலும் ஓர் அமீன். புறஊதா ஒளியால் கிளர்வுற்ற ஒளிர்பகுதிக்கு அமீனின் நைட்ரஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் தாவிவிடும், ஒளிர்வு அணைந்துபோகும். அயனி வந்து நைட்ரஜனோடு பிணைந்ததும் தாவல் நின்று, ஒளி எழும். இந்தப் பொறிமுறையை முறையான வடிவமைப்பு உத்தியாக வளர்த்தவர்களில் முதன்மையானவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய ஏ. பி. டி சில்வா. ஹைட்ரஜன், சோடியம் அயனிகள் இரண்டும் இருந்தால் மட்டுமே நன்கு ஒளிரும் மூலக்கூறை அவர் குழு 1993இல் வெளியிட்டது. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளக்கும் கருவிகளிலும் இந்த உத்தி இடம்பெற்றிருக்கிறது.

செம்பும் பாதரசமும் இதற்கு நேர்மாறு. அவை பல சாயங்களின் ஒளிர்வை அணைத்துவிடும். ஆனால் ஒளி மங்குவதை வலுவான சான்றாகக் கொள்ள முடியாது. கலங்கல் நீர்கூட அதைச் செய்யும். ஆகவே, உலோகம் சேர்ந்ததும் ஒளிரத் தொடங்கும் ரோடமின் சாயத்தின் வழிச்சேர்மங்களுக்கு மவுசு. மூடிய வளையமாக இருக்கையில் கரைசல் நிறமற்றது. உலோகம் வளையத்தைத் திறந்ததும் குப்பிக்குள் இளஞ்சிவப்பு பரவும். புறஊதா விளக்கடியில் ஆரஞ்சாக ஒளிரும். செம்புக்கான இத்தகைய உணரியை 1997இல் வேதியியலாளர் சார்னிக்கின் குழு அறிவித்தது. பாதரசத்துக்கு, அது விடாப்பிடியாகப் பற்றும் கந்தகத்தை வளையத்தில் வைக்கிறார்கள்.

உண்மையான சோதனை கடலூர்–சிதம்பரம் சாலையோரத்து சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாறு போன்ற கழிமுகங்களில்தான். ஆய்வுக்கூடத்தில் பளிச்சிடும் உணரிகள் பல அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் கலந்த தூய நீரில் சோதிக்கப்பட்டவை. குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. அந்தக் குளோரைடு பாதரசத்தைச் சூழ்ந்து பிணைத்துக்கொள்வதால் ஏற்பிக்கு இடம் கிடைப்பது கடினம். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு நீரில் இன்னொரு தொல்லை: மட்கிய இலைகளிலிருந்து கரையும் கரிமப் பொருள்கள் தாமே நீலமாக ஒளிர்ந்து உணரியின் ஒளியை மறைக்கும். நீண்ட அலைநீளத்தில் உமிழும் ரோடமின் அங்கு ஓரளவு தப்பிக்கிறது.

கந்தகத்தைப் பாதரசம் பிடுங்கிக்கொண்டால் உணரி பழைய நிலைக்குத் திரும்பாது, ஒருமுறைதான் பயன்படும். தொடர் கண்காணிப்புக்கு மீள்தன்மையுள்ள பிணைப்பு வேண்டும். உணரி காட்டும் அளவை உறுதிசெய்ய, அதே நீரைக் குளிராவி அணு உட்கவர் நிறமாலைமானியிலும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.