எச்டி டிவி வாங்கினா மட்டும் போதுமா? ஒரு டப்பாவோட வரலாறு

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு டப்பாதான் ஹீரோ. டிவிக்குப் பக்கத்துல தூசி படிஞ்சு கிடக்கும் இல்லையா, அந்த டப்பா. எச்டி தொலைக்காட்சியோட வரலாறு பேசுறவங்க எல்லாரும் திரையைப் பத்திதான் பேசுவாங்க. ஆனா வீட்டுக்குள்ள எச்டி வரணும்னா திரை மட்டும் பத்தாது. சிக்னலைப் பிடிக்க ஒரு ஆன்டெனா அல்லது டிஷ், அதைப் பிரிச்சுப் படமா மாத்த ஒரு டியூனர், அதைத் திரை வரைக்கும் கொண்டுபோக சரியான கேபிள். இதுல ஒண்ணு பழசா இருந்தாலும் கதை முடிஞ்சது. இந்தச் சாமான்களுக்கு யார் காசு கொடுக்கிறதுங்கிறதுதான் நிஜமான சண்டை.

கதை ஜப்பான்ல ஆரம்பிக்குது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட, என்எச்கே ஆய்வுக்கூடத்துல அடுத்த தலைமுறை டிவிக்கான ஆராய்ச்சி தொடங்கிடுச்சு. அப்போ ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் டிவி படத்துக்கு 525 கோடுகள். என்எச்கே கடைசியா வந்து நின்ன எண் 1125. 'ஹைவிஷன்'னு பேர் வெச்சாங்க. இவ்வளவு தகவலை ஒரு சாட்டிலைட் சேனல்ல அடைக்கிறதுக்காக உருவானதுதான் 'மியூஸ்' என்கிற முறை. 1989 ஜூன்ல தினம் ஒரு மணி நேரம் ஒளிபரப்பு. 1991 நவம்பர் 25-ல இருந்து தினம் எட்டு மணி நேரம். தேதியைக் கவனிங்க: 11-ஆம் மாசம், 25-ஆம் நாள். 1125!

இதைப் பாக்க ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்கு என்னென்ன வேணும்? டிஷ், சாட்டிலைட் டியூனர், மியூஸ் டிகோடர், அப்புறம் அகலத் திரை டிவி. ஆரம்பத்துல இந்த செட் மொத்தமும் ஒரு கார் வாங்குற விலை. அதனால நிறைய பேர் குறுக்கு வழியில போனாங்க. ஹைவிஷன் சிக்னலைச் சாதாரண டிவிக்கு ஏத்த மாதிரி இறக்கிக் கொடுக்கிற ஒரு கன்வெர்ட்டர் வந்துச்சு. அதை வாங்கி மாட்டிட்டா நிகழ்ச்சி வரும், துல்லியம் வராது. எனக்கு இந்தக் கன்வெர்ட்டர் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இதே டப்பா வேற வேஷத்துல அமெரிக்காவுல திரும்பி வரப்போகுது.

மியூஸ்ல ஒரு பெரிய சிக்கல், அது அனலாக். 1990 ஜூன்ல ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் என்கிற அமெரிக்க கம்பெனி, எச்டி முழுசையும் டிஜிட்டலாவே அனுப்ப முடியும்னு சொல்லிடுச்சு. அதோட ஆட்டம் மாறிப்போச்சு. 1994 பிப்ரவரியில ஜப்பான் அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சகத்தோட மூத்த அதிகாரி அகிமாசா எகாவா, நாமளும் டிஜிட்டலுக்குப் போறதைப் பத்தி யோசிக்கணும்னு வெளிப்படையா சொன்னார். டிவி தயாரிப்பாளர்கள் கொந்தளிச்சுட்டாங்க. மறுநாளே அவர் பின்வாங்க வேண்டியதாயிடுச்சு. ஆனா அவர் சொன்னதுதான் நடந்துச்சு. 2000 டிசம்பர்ல ஜப்பான்ல சாட்டிலைட் டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்குச்சு, 2007-ல மியூஸை நிறுத்திட்டாங்க. கார் விலை கொடுத்து முதல்ல வாங்கினவங்க வீட்டு டிகோடர்? வெறும் டப்பா.

இப்போ அமெரிக்கா. 1996 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எஃப்சிசி டிஜிட்டல் டிவி தரத்தை ஏத்துக்கிச்சு. 1998 கடைசியில ஒளிபரப்பு ஆரம்பம். கடையில வித்த முதல் எச்டி டிவி பலதுலயும் டிஜிட்டல் டியூனரே கிடையாது! திரை மட்டும் தயார், டியூனர் டப்பா தனி, அதுக்குத் தனி விலை. இது கொஞ்சம் போங்குதான். எல்லா டிவியிலயும் டிஜிட்டல் டியூனர் இருந்தே ஆகணும்னு 2002-ல எஃப்சிசி விதி போட்டு, அது படிப்படியா வந்து, முழுசா அமலுக்கு வந்தது 2007 மார்ச்ல.

அடுத்தது பழைய அனலாக் ஒளிபரப்பை மொத்தமா நிறுத்துறது. கேபிளோ டிஷ்ஷோ வெச்சிருந்தவங்களுக்குக் கவலை இல்லை. மாட்டிக்கிட்டவங்க, 'முயல் காது'ன்னு அவங்க கூப்பிடுற சின்ன ஆன்டெனாவை டிவி மேல வெச்சு இலவசமா பாத்துட்டு இருந்தவங்க. வயசானவங்க, வருமானம் குறைஞ்சவங்க, கிராமத்துல இருந்தவங்க இதுல நிறைய. புயல் எச்சரிக்கைகூட அவங்களுக்கு அந்த டிவியிலதான். அதனால அரசாங்கம் வீட்டுக்கு ரெண்டு கூப்பன் கொடுத்துச்சு, ஒவ்வொண்ணும் 40 டாலர். கன்வெர்ட்டர் டப்பா வாங்க மட்டும்தான் செல்லும், 90 நாள்ல காலாவதி. 2009 ஜனவரியில கூப்பனுக்கு ஒதுக்கின பணம் தீர்ந்து, காத்திருப்போர் பட்டியல் நீண்டுச்சு. பிப்ரவரி 17-னு வெச்சிருந்த கடைசி நாளை, காங்கிரஸ் சட்டம் போட்டு ஜூன் 12-க்குத் தள்ளி வெச்சது.

அந்த டப்பா கொடுத்தது எச்டி இல்லைங்கிறதையும் சொல்லணும். பழைய டிவிக்கு ஏத்த மாதிரி படத்தை இறக்கித்தான் கொடுக்கும். ஜப்பான் கன்வெர்ட்டர் செஞ்ச அதே வேலை.

ஜூன் 12-க்கு அப்புறம் இன்னொரு கூத்து. டப்பா வாங்கி, ஒழுங்கா மாட்டினவங்களுக்கும் சில சேனல் காணாமப் போச்சு. காரணம் ஆன்டெனா. மாற்றக் காலத்துல பெரும்பாலான டிஜிட்டல் சேனல்கள் யுஎச்எஃப் அலைவரிசையில ஓடுச்சு. அனலாக் நின்ன அன்னைக்கு, பிலடெல்பியாவோட டபிள்யூபிவிஐ மாதிரி சில நிலையங்கள் தங்களோட பழைய விஎச்எஃப் இடத்துக்குத் திரும்பிடுச்சு. அந்த நிலையம் இருந்தது 6-ஆம் சேனல், 82-ல இருந்து 88 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். அந்த அலையோட நீளம் சுமார் மூன்றரை மீட்டர். அதைச் சரியா பிடிக்க ஆன்டெனா அதுல பாதி, ஏறக்குறைய ஆளுயரம் இருக்கணும். யுஎச்எஃப்-க்கு ஒரு அடி ஸ்கேல் நீளம் போதும். கடையில 'எச்டி ஆன்டெனா'ன்னு வித்த பல குட்டி ஆன்டெனாக்கள் யுஎச்எஃப்-க்காகச் செஞ்சது. நிஜத்துல எச்டி ஆன்டெனான்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆன்டெனாவுக்கு உள்ள ஓடுறது எச்டியா, பழைய கறுப்பு வெள்ளைப் படமான்னு தெரியாது. அது பிடிக்கிறது வெறும் அலையை. சரியான அளவுல இருந்தா, தாத்தா காலத்து மொட்டை மாடி ஆன்டெனாவே எச்டிக்குப் போதும்.

அனலாக்ல சிக்னல் குறைஞ்சா படத்துல புள்ளி புள்ளியா வரும், ஆனா ஆள் தெரியும். நம்ம வீட்லயும் மாடியில ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழ இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கத்தின காலம் அது. டிஜிட்டல்ல அந்த பேச்சுக்கே இடமில்லை. கட்டம் கட்டமா உடையும், அப்புறம் சுத்தமா இருட்டு.

ஜப்பான் அனலாக்கை முழுசா மூட முடிவு பண்ணின நாள் 2011 ஜூலை 24. ஆனா அந்த மார்ச்லதான் பூகம்பமும் சுனாமியும் வந்துச்சு. வீட்டையே இழந்து நிக்கிறவங்ககிட்ட போய்ப் புது டியூனர் வாங்குன்னு எப்படிச் சொல்றது? இவாதே, மியாகி, ஃபுகுஷிமா மூணு மாகாணத்துக்கும் மட்டும் 2012 மார்ச் 31 வரைக்கும் பழைய ஒளிபரப்பு தொடர்ந்துச்சு.

நம்ம வீட்டு விஷயம் ஒண்ணே ஒண்ணு. எச்டி டிவி, எச்டி செட்-டாப் பாக்ஸ், எச்டி பேக் எல்லாம் இருந்தும் படம் மங்கலா இருந்தா, டிவிக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு பின் சொருகியிருந்தா, அந்த மஞ்சள் ஒயர்ல எச்டி வரவே வராது. பாக்ஸ்ல எச்டிஎம்ஐ ஓட்டை கண்டிப்பா இருக்கும், கேபிளை அதுல மாத்திக்கோங்க.