கடல் நீரில் பாக்டீரியா பரிசோதனை: குளிப்போர் அறிய வேண்டியவை

கழிவுநீர் கலந்த கடலில் குளிப்பதால் வயிற்றுப்போக்கு, வாந்தி மற்றும் கண், காது, தோல் தொற்றுகள் ஏற்படலாம். தெளிவாகத் தோன்றும் நீரிலும் கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவே கடற்கரை நீர் ஆய்வகத்தில் பரிசோதிக்கப்படுகிறது.

எவ்வாறு பரிசோதிக்கப்படுகிறது?

மக்கள் குளிக்கும் இடத்தில், கிருமி நீக்கப்பட்ட குப்பியில் நீர் எடுக்கப்பட்டு, குளிர்நிலையில் ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றையும் தேடுவது கடினம். எனவே மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் ஈ.கோலை, என்டெரோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள் எண்ணப்படுகின்றன. இவை மிகுந்திருப்பின், நீரில் மலக்கழிவு கலந்துள்ளது என்பது பொருள். என்டெரோகாக்கஸ் உப்பு நீரில் கூடுதல் நேரம் உயிர்வாழ்வதால் கடல் நீருக்கு ஏற்ற குறியீடாகும்.

வரம்பு எவ்வளவு?

சென்னைக்கு அருகிலுள்ள கோவளம் கடற்கரை 2021ஆம் ஆண்டு நீலக்கொடிச் சான்று பெற்றது. இச்சான்றுக்கான விதிப்படி, 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை 250-க்கும், என்டெரோகாக்கஸ் 100-க்கும் மிகாதிருக்க வேண்டும். மாதிரிகளில் 95 சதவீதம் இவ்வரம்பிற்குள் அமைதல் வேண்டும்.

முடிவை எவ்வாறு புரிந்துகொள்வது?

வழக்கமான முறையில் பாக்டீரியாவை வளர்த்து எண்ணுவதற்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். ஆகவே இன்று கிடைக்கும் முடிவு நேற்றைய நீரைப் பற்றியதாகும். இடையில் கனமழை பெய்து வடிகால் நீர் கடலில் கலந்திருந்தால், அம்முடிவை மட்டும் நம்பி நீரில் இறங்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கனமழைக்குப் பின் 3 நாட்களுக்குக் கடலில் குளிப்பதைத் தவிர்க்கவும்.
• முகத்துவாரம், வடிகால் ஆகியவற்றின் அருகில் குளிக்க வேண்டாம்.
• குழந்தைகள் கடல் நீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளவும்.
• ஆறாத புண் இருப்பின் நீரில் இறங்க வேண்டாம். கல்லீரல் நோய், நீரிழிவு, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு உள்ளோர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். புண் வழியே உடலில் நுழையும் விப்ரியோ வகை பாக்டீரியா கடலில் இயல்பாகவே வாழ்வது. மேற்கண்ட பரிசோதனை அதனைக் காட்டாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலைப் பருகவும். மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுகவும். புண் சிவந்து வீங்கிக் கடும் வலியோ காய்ச்சலோ தோன்றினால், சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவும். கடலில் குளித்ததை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்.