மாறிலி அறிவிப்பின் வரலாறு: ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் சிவகாசிப் பட்டாசின் ஒலி வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் மாறிலியை அறிவிக்கும் ‘கான்ஸ்ட்’ என்னும் சொல் 2015ஆம் ஆண்டில்தான் தரநிலைக்குள் முழுமையாக இடம்பெற்றது. அதன் வரலாற்றையும், அச்சொல் எதை உறுதிசெய்கிறது, எதை உறுதிசெய்வதில்லை என்பதையும் பட்டாசுக்கு விதிக்கப்பட்ட ஒலி வரம்பைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாறி, மாறிலி, ஜாவாஸ்கிரிப்ட், சரவெடி, ஒலி வரம்பு, சிவகாசி

முன்னுரை

கணிதத் தமிழில் மதிப்பு மாறக்கூடியது மாறி, மாறாதது மாறிலி. நிரலாக்கத்தில் இவ்வேறுபாடு பெயருக்கும் மதிப்புக்குமான பிணைப்பைப் பற்றியது. மாறியின் பெயர் பின்னர் வேறொரு மதிப்பைக் குறிக்கலாம். மாறிலியின் பெயருக்கு அவ்வுரிமை இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மைத் தொழிலை ஆளும் விதியொன்றிலும் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன.

ஒலி விதியில் மாறிலியும் மாறியும்

1999ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தம், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலியெழுப்பும் பட்டாசைத் தடைசெய்தது. உச்ச ஒலியை அளக்கும் முறையில் இவ்வரம்பு 145 டெசிபல் ஆகும். சரவெடிக்குத் தனிக் கணக்கு உண்டு. சரத்திலுள்ள வெடிகளின் எண்ணிக்கைக்குப் பத்தடிமான மடக்கை கண்டு, அதை 5ஆல் பெருக்கி, வரும் அளவை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். 100 வெடிகள் கொண்ட சரத்தில் ஒவ்வொரு வெடிக்குமான வரம்பு 115 டெசிபல். 1,000 வெடிகளுக்கு 110. 10,000 வெடிகளுக்கு 105. இங்கு 125, 5 ஆகியன மாறிலிகள், எண்ணிக்கை மாறி.

‘கான்ஸ்ட்’ கடந்துவந்த பாதை

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களை அறிவிக்க ‘வார்’ என்னும் சொல் மட்டுமே இருந்தது. 1997இல் வெளிவந்த முதல் தரநிலை ‘கான்ஸ்ட்’ என்பதை எதிர்காலப் பயன்பாட்டிற்கென ஒதுக்கிவைத்ததேயன்றி அதற்குப் பொருள் வரையறுக்கவில்லை. இடைக்காலத்தில் உலாவிகள் தத்தம் போக்கில் அதைச் செயற்படுத்தின. சில, மறுமதிப்பைப் பிழை காட்டாமல் புறக்கணித்தன; சில, சாதாரண மாறியைப் போலவே அதை ஏற்றுக்கொண்டன. 2015 ஜூனில் வெளிவந்த ஆறாம் பதிப்பே இக்குழப்பத்தை நீக்கியது. அதன்படி, அறிவிக்கும்போதே மதிப்பைத் தரவேண்டும். மறுமதிப்பு தந்தால் பிழை எழும். அறிவிப்பின் எல்லை அது அமைந்த அடைப்புக்குறித் தொகுதிக்குள் அடங்கும்.

பெயரின் உறுதியும் உள்ளடக்கத்தின் மாற்றமும்

‘கான்ஸ்ட் வரம்பு = 125’ என அறிவித்தால் அந்த எண் நிலைபெறும். ஆனால், மூலப்பொருள்களின் பட்டியலொன்றை அவ்வாறே அறிவித்தால், அப்பெயருக்கு வேறொரு பட்டியலைத் தர இயலாதேயன்றி, பட்டியலுக்குள் ஒரு பொருளைச் சேர்க்கவும் நீக்கவும் இயலும். உள்ளடக்கத்தையும் உறையவைக்க 2009ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு தந்த ‘ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ்’ தேவை, அதுவும் மேலடுக்கை மட்டுமே காக்கும். ‘மாறிலி’ என்னும் தமிழ்ச்சொல் முழுமையான மாறாமையை உணர்த்துவதால், கற்பவர் இவ்விடத்தில் பிழைபட வாய்ப்புண்டு.

சிவகாசியின் அண்மை வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. பட்டாசு என்னும் பெயர் நிலைத்தது. அதன் உள்ளடக்கம் மாறியது. அதே தீர்ப்பு சரவெடியையும் தடைசெய்தது. 2021இல் இத்தடைகள் மீண்டும் வலியுறுத்தப்பெற்றன. இதனால் மேற்கண்ட கணக்கில் எண்ணிக்கைக்கு எஞ்சிய ஒரே மதிப்பு 1. ஒன்றின் மடக்கை சுழி; எனவே கழிவு இல்லை, வரம்பு 125. வாய்பாட்டின் ஓரெழுத்தும் மாறாமல், மாறி ஒன்று மாறிலியானது. தாளில் இது சிறு மாற்றம். சரம் பின்னிப் பிழைத்தவர்க்கோ அது வேலையின் இழப்பு.

முடிவுரை

வட்டத்தின் பை இயற்கை தந்த மாறிலி. 125 மனிதர் விதித்த மாறிலி. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒரே சொல்லால் அறிவிக்கிறது. அச்சொல் நிரல் இயங்கும் காலத்தில் பெயரின் பிணைப்பு மாறாது என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. மதிப்பு என்றும் மாறாது என்பதையன்று. விதி திருத்தப்படும் நாளில் நிரலில் ஓரிடத்தை மட்டும் திருத்தினால் போதும் என்பதே அதன் பயன். ஆகவே, ‘மாறிலி’ என்பதைக் கற்பிக்கும்போது, மாறாதது பெயரின் பிணைப்பா, மதிப்பா, உள்ளடக்கமா என்பதைப் பிரித்துரைத்தல் இன்றியமையாதது.