வீடு அவள் பெயரில்; பேச்சு யார் பெயரில்?

2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, செய்தி சேகரிப்பதற்காக வாவியைக் கடந்து படுவான்கரைக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நான்கில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிய சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தல் அது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியிடம், பெண் வேட்பாளர்களைப் பற்றிக் கேட்டேன். "வாக்கு என்ட அம்மாவும் போட்டவதான். வீடு வளவும் என்ட பேரிலதான் மனே. பேச்செல்லாம் ஆம்பிளையளுக்கு" என்றார்.

அந்தப் பதில் என்னை விட்டு அகலவில்லை. அவருடைய தாய்க்கு அந்த வாக்கு எவ்வாறு கிடைத்தது என்பதைத் தேடிச் சென்றபோதுதான் மருத்துவர் மேரி ரட்ணத்தின் வாழ்க்கை எனக்கு முழுமையாகத் தெரியவந்தது.

அயர்லாந்தில் பெண் வாக்குரிமைக்காகச் சிறை சென்று, 1915இல் இந்தியாவுக்கு வந்து, 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மார்கரெட் கசின்சைத் தமிழ் வாசகர் பலர் அறிவர். அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே இலங்கைக்கு வந்தவர் மேரி. 1873இல் கனடாவில் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்றவர். யாழ்ப்பாணத்து இணுவில் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிய வந்தவர், கனக ரட்ணம் என்ற தமிழரை மணந்ததால் மிஷனின் ஏற்பை இழந்தார். ஆயினும் ஊர் திரும்பவில்லை. கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்தார்; 1909இல் தமிழ் மாதர் சங்கம் தோன்றியபோது முன்னின்றார். நோயாளிகளின் வீடுகளில் அவர் கண்ட வாழ்க்கையே அவரை அரசியலுக்கு இழுத்தது என்பது என் கணிப்பு.

1927 இறுதியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. மேரி ரட்ணம், அக்னஸ் டி சில்வா முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சங்கத்தினர் சாட்சியம் அளித்தபோது, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா பதிலளித்தார். படித்த, வசதி படைத்த பெண்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் அவர்களது பாதை எளிதாயிருந்திருக்கும். என் படுவான்கரை மூதாட்டியின் தாய்க்கு வாக்குக் கிடைத்திராது.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. பெண் வாக்குரிமையை எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே. கல்வி தரலாம், அதிகாரம் தரலாகாது என்பது அக்காலத்துப் பெரியோர் பலரின் நிலைப்பாடு. ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கைப் பரிந்துரைத்தது. இறுதியில் 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் அது கிடைத்தது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். பிரித்தானியாவில் ஆணுக்கு நிகரான வாக்குப் பெண்ணுக்குக் கிடைத்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

மேரி அத்துடன் நிற்கவில்லை. கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியை உருவாக்கினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். சட்ட நுணுக்கம் ஒன்றால் அந்த இடத்தை இழந்தார். 1958இல் மகசாய்சாய் விருது பெற்று, 1962இல் மறைந்தார்.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பில் பழைய முக்குவச் சட்டம் தாய்வழி உரிமையை ஏற்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்துடன் அதன் வலிமை போயிற்றெனினும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. குடியும் தாய் வழியே வருகிறது. ஆனால் அந்தக் குடியின் பெயரால் கோயிலில் வண்ணக்கராக அமர்ந்தவர்கள் ஆண்கள். உரிமை பெண்ணின் வழியே வந்தது; அதிகாரம் அவளைக் கடந்து தாய்மாமனிடமும் மருமகனிடமும் சென்றது.

வாக்கின் கதையும் அதுவாகவே ஆயிற்று. கன்னன்குடாவில் பிறந்த தொல்லியல் ஆய்வாளர் தங்கேஸ்வரி கதிராமன் 2004இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அவர் 2019இல் மறைந்தார். 2020இலும் 2024இலும் இம்மாவட்டத்து வாக்காளர் தெரிவு செய்த ஐவருமே ஆண்கள்.

இதற்குப் போரை மட்டும் காரணம் காட்டித் தப்ப முடியாது. வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறைகளுக்கு வெளியே இரவிரவாகக் காத்து நின்றவன் நான். உள்ளே பெண் எவரையும் கண்ட நினைவு இல்லை. எனக்கு அது அன்று ஒரு செய்தியாகப் படவுமில்லை. என் தொழிலின் குறையாக இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விடைபெறும்போது, யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள் என்று அந்த மூதாட்டியிடம் கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. அந்த இரகசியம் ஒன்றாவது முழுக்க முழுக்க அவருடையது.