கேட்பவர் எல்லோரும், மதிப்பிடுபவர் யார்?

நாங்கள் பன்னிரண்டு பேர். வாரம் ஒருவர் ஓர் இசைத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தாவாமல் எல்லோரும் கேட்க வேண்டும். ஞாயிறு இரவுக்குள் ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டும். எங்கள் கேட்போர் வட்டத்தின் விதி இவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் எங்களில் ஒருவர் நாற்பது நிமிடப் பறை ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பினார். அதற்கு முந்தைய வாரம் பிங்க் ஃபிளாய்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதித் தள்ளியவர்கள்தான் நாங்கள். பறைக்கு வந்த விமர்சனங்களோ 'செம எனர்ஜி', 'உடம்பே ஆடுது', 'வேற லெவல்'. ஒருவர் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: "நன்றாக இருக்கிறது, ஆனால் இதை ஆல்பம் என்று சொல்ல முடியுமா?"

இதில் எங்களை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அந்த மூன்று சொல் விமர்சனங்களை எழுதியவர்களில் பாதிப் பேர் சேரியில் பிறந்தவர்கள். சாவு வீட்டுப் பறையைக் கேட்டு வளர்ந்தவர்கள். கிதாரின் நரம்பைப் பற்றி எழுத எங்களிடம் சொல் இருக்கிறது. பறையின் தோலைப் பற்றி எழுதச் சொல் இல்லை. இந்த வறுமை எங்கிருந்து வந்தது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

இசைத்தட்டு

1902ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தா வந்து கவுஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்துவிட்டது. தெற்கில் தொடக்க காலத்திலேயே தட்டுகளில் பாடியவர்கள் சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசி மரபுப் பெண்கள். பிறகு கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் என்று நாடக மேடைக் கலைஞர்கள் வந்தார்கள். கம்பெனிக்குத் தேவை விற்பனை. அதனால் 'குலப்பெண்கள்' பாடத் தயங்கிய காலத்தில் எந்தக் குரல் விற்குமோ அந்தக் குரலை அது பதிந்தது.

ஆனால் சந்தைக்கும் ஓர் எல்லை இருந்தது. கிராமபோன் பெட்டியை வாங்கக்கூடியவர் யாரோ அவருடைய விருப்பமே பட்டியலானது. மிராசுதார் வீட்டுத் திண்ணையில் பெட்டி பாடியது. அந்த மிராசின் வயலில் நாற்று நட்டுக்கொண்டே பாடிய பெண்ணின் பாட்டைத் தட்டில் பதிய வேண்டிய 'சரக்கு' என்று யாரும் நினைக்கவில்லை. அவளுடைய பாட்டு வேலையின் ஒரு பகுதி. பறை ஊழியத்தின் ஒரு பகுதி. இரண்டையும் இசை என்ற கணக்கில் சேர்க்காத காதுதான் முதலில் எல்லாவற்றையும் பட்டியலிட்டது.

மன்றங்களும் மதிப்புரைகளும்

கூடிக் கேட்பதற்கு இங்கே பழைய வரலாறு உண்டு. 1924இல் சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது ஆர்வலர்கள் சிலர் கூடி நடத்திய மன்றம். பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1930களில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்கள் தமிழில் இந்த எழுத்து வகைக்கு ஒரு மொழியை உருவாக்கித் தந்தன. ராகம் எப்படி விரிந்தது, சாரீரம் எப்படி இருந்தது, பக்கவாத்தியம் எங்கே தூக்கிக்கொடுத்தது என்றெல்லாம் வாசகர் பேசக் கற்றுக்கொண்டார்.

1940களின் தமிழிசை இயக்கம் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டது. தமிழ் மண்ணில் தமிழில் ஏன் பாடக்கூடாது என்றது. அந்தக் கேள்விக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சண்டை சபா மேடைக்குள்ளேயே நடந்தது. பாட்டின் மொழி விவாதமானது, மேடையின் சாதி விவாதமாகவில்லை. ஒப்பாரியும் தமிழ்தானே? பறையும் தமிழிசைதானே? சபாவுக்கு விமர்சகர் கிடைத்தார், சாவு வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பின் அரசே கேட்போர் மன்றங்களை அமைத்துப் பார்த்தது. 1956இல் யுனெஸ்கோ உதவியுடன் புனே வானொலி நிலையம் சுமார் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள். கூடி உட்கார்ந்து கேட்பது, கேட்டபின் விவாதிப்பது, கருத்தை நிலையத்துக்கு எழுதி அனுப்புவது என்பதுதான் முறை. பேசுபொருள் இசை அல்ல, விவசாயமும் கிராம முன்னேற்றமும். ஆனாலும் 'கேள், பேசு, எழுது' என்ற எங்கள் வட்டத்தின் முறையை அங்கே அப்படியே பார்க்கிறோம். நல்ல முறைதான். தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த பஞ்சாயத்து ரேடியோ எங்கே இருந்தது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். ஊருக்குள், ஊர்த் தெருவில். அங்கே சேரிக்காரருக்கு நின்று கேட்க ஓரம் கிடைத்தது. உட்கார்ந்து கருத்துச் சொல்லத் திண்ணை கிடைக்கவில்லை.

கேசட் உடைத்த சுவர்

பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை 1963இல் அறிமுகப்படுத்தியது. நம் ஊர்களுக்கு அது 1970களின் இறுதியில், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் பெட்டிகளோடு வந்தது. இசைத்தட்டு அச்சிட ஆலை வேண்டும். கேசட் பதிய இரண்டு டெக் போதும். இந்த ஒரு வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

ஒவ்வொரு சிற்றூரிலும் ரெக்கார்டிங் கடை முளைத்தது. காலி கேசட் வாங்கி, பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று மணிக்கணக்கில் யோசித்தவர்கள் உண்டு. அட்டையில் பேனாவால் எழுதிய அந்தப் பட்டியல்தான் நம் முதல் இசைத்தொகுப்பு. அதைக் கைமாற்றிக் கொடுக்கும்போது சொன்ன 'ரெண்டாவது பக்கம் மூணாவது பாட்டைக் கேளு' என்பதுதான் நம் முதல் விமர்சனம்.

நம் பாட்டும் இந்த வழியில்தான் நடந்தது. கீழ்வெண்மணி நெருப்பைச் சுமந்த இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை கே.ஏ. குணசேகரன் தன் 'தன்னானே' குழுவோடு மேடை மேடையாகப் பாடினார். அந்தக் குரல் கேசட்டாகவும் ஊர் ஊராகப் போனது. மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, கர்நாடக இசையிலும் மேற்கத்திய இசையிலும் நடந்துகொண்டிருந்த வழிபாட்டைக் கிராமியப் பாட்டுக்குக் கொண்டுவந்தார். பாடுபவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மேலிருந்து தரப்பட்டதை வாங்கிக்கொள்பவராகக் கேட்பவரை அவர் நடத்தவில்லை. மகாராட்டிரத்தில் வாமன்தாதா கர்டக் போன்றோர் வளர்த்த பீம் கீதங்களும் கேசட்டுகளில் ஏறி குடிசைப் பகுதிகளின் காலைப்பொழுதாகவே மாறின.

கேட்பது பொதுவாகிவிட்டது என்று தோன்றுகிறதா? முழுவதும் ஆகவில்லை. 2015 மே மாதம் சீரடியில், செல்பேசி அழைப்பொலியாக அம்பேத்கர் பாட்டை வைத்திருந்ததற்காக எழுந்த தகராறில் ஒரு தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். என்ன பாட்டு நம் பையில் ஒலிக்கிறது என்பதற்கும் இங்கே உயிர் விலையாகிறது.

கேசட் இன்னொன்றையும் செய்யவில்லை. அது நம் பாட்டைப் பரப்பியது, ஆனால் அதைப் பற்றி எழுத ஆளைத் தரவில்லை. சபாக் கச்சேரிக்கு மார்கழிதோறும் பக்கம் ஒதுக்கிய பத்திரிகைகள் இயக்க மேடைக் கேசட்டுகளுக்கு எத்தனை பத்தி ஒதுக்கின? 'எழுச்சிப் பாடல்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்கள். அன்றைய 'எழுச்சி'தான் இன்று எங்கள் வட்டத்தில் 'எனர்ஜி' ஆனது.

நாமே வைத்துக்கொண்ட மௌனம்

எல்லாப் பழியையும் பிறர்மீது போட்டுவிட முடியாது. பறையடிப்பது இழிவு என்று சுமத்தப்பட்ட ஊழியம். அதை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததே பல ஊர்களில் நம் போராட்டத்தின் தொடக்கம். மறுத்ததற்காக அடிபட்டவர்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்கள் நம் தாத்தாக்கள். அவர்கள் பறையை எறிந்தது சரிதான். பிறகு 1990களில் தலித் கலை விழாக்களிலும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் கையிலும் அதே பறை விடுதலைக் கருவியாகத் திரும்பி வந்தது. அதுவும் சரிதான். எறிந்த தலைமுறைக்கும் எடுத்த தலைமுறைக்கும் நடுவில் ஒரு மௌனம் விழுந்தது. அடிகளின் பெயர்கள், தோல் பதப்படுத்தும் முறை, காய்ச்சும் பக்குவம் எல்லாம் அந்த மௌனத்துக்குள் போயின. எங்களிடம் சொல் இல்லாததற்கு இதுவும் காரணம்.

பெயர் என்கிற உரிமை

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்ற அந்த இசைக்குழுவின் பெயர், சாதி பேதமற்றவர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளக் கற்றுத்தந்த அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார்கள். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, எதிர்ப்பு எழுந்த பிறகு, அறிவுக்கென ஒரு மின் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை.

இது ஒரு தனிமனிதரின் மனக்குறை என்று சிலர் சொன்னார்கள். இல்லை, இதற்கு நீண்ட வரலாறு உண்டு. டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி நாதம் கொடுப்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். நூறாண்டுக் கச்சேரித் தட்டுகளின் உறையில் வாசித்தவர் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. உழைப்பை வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது சாதியின் பழைய பழக்கம்.

இரண்டாம் முறை கேட்டபோது

இவ்வளவையும் பேசிய பிறகு அந்தப் பறைத் தொகுப்பை மறுபடி கேட்பது என்று முடிவு செய்தோம். இம்முறை ஒரு நிபந்தனை வைத்தோம்: 'எனர்ஜி' என்ற சொல் கூடாது.

வந்தவை வேறு விமர்சனங்கள். ஒருவர் இரண்டு குச்சிகளையும் பிரித்துக் கேட்டிருந்தார். தடித்த அடிக்குச்சி நடையைப் பிடிக்க, நீண்டு மெலிந்த குச்சி அதன்மேல் எப்படிச் சிதறுகிறது என்று எழுதினார். இன்னொருவர் பதினேழாவது நிமிடத்தில் ஒலி மெல்லத் தணிவதைக் கவனித்திருந்தார். அது கலைஞர்களின் களைப்பு அல்ல, தோல் குளிர்ந்துவிட்டது. சற்று இடைவெளிக்குப் பின் ஒலி கணீரென்று திரும்புகிறது. நடுவில் நெருப்பில் காய்ச்சியிருக்கிறார்கள். முதல் முறை அதைத் தொய்வு என்று நினைத்துத் தாவப் பார்த்ததாக அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாமவர் தன் அப்பாவிடம் போட்டுக் காட்டியிருந்தார். பறையைத் தொட மாட்டேன் என்று இளமையில் சபதம் செய்த அப்பா, முழுவதும் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் சாவு அடி சாமி அடியாக மாறுகிறது என்று சொன்னாராம்.

'ஆல்பமா' என்று கேட்டவர் எதையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் விதிகளோடு மூன்று சேர்ந்தன. எந்தத் தொகுப்பாக இருந்தாலும் பாடியவர், எழுதியவர், வாசித்தவர், கருவி செய்தவர் யார் என்று தேடி, கிடைத்த பெயர்களை விமர்சனத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். விலைக்குக் கிடைக்கும் தொகுப்பை வாங்கித்தான் கேட்க வேண்டும். வீட்டில், வயலில், சாவில் பதிந்த குரலைப் பகிரும் முன் பாடியவரிடம் கேட்க வேண்டும்.

தோழர்கள் தங்கள் ஊரிலும் இப்படி நான்கு பேர் சேர்ந்து தொடங்கலாம். பணம் தேவையில்லை, நேரம் வேண்டும். நம் பாட்டை அவர்கள் மதிப்பிடவில்லை என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். நாம் உட்கார்ந்து எழுதத் தொடங்குவோம்.

வரும் வாரம் எங்கள் தோழி ஒருவரின் முறை. அவருடைய ஆயா பாடிய ஒப்பாரிகளைப் பதிந்து வைத்திருக்கிறார், மொத்தம் ஐம்பது நிமிடம். அனுப்பலாமா என்று ஆயாவிடம் கேட்டிருக்கிறார். ஆயா சம்மதித்துவிட்டாராம். ஆனால் ஒரு நிபந்தனை: எழுதியதை எல்லாம் தனக்குப் படித்துக்காட்ட வேண்டுமாம்.