தூண்டிலா, கையா? ஒரு காவிரிக் கணக்கு

போன மாசம் பையன் செயற்கை இரை ஒன்று வாங்கித் தரச் சொன்னான். மீன் மாதிரியே பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் பொம்மை, அடியில் முள். விலை எண்ணூறு ரூபாய்! ஈரோட்டில் மண்புழுவும் தக்கையும் வைத்து நாங்கள் கெண்டை பிடித்த கதையைச் சொன்னேன். "அப்பா, அதெல்லாம் அந்தக் காலம்" என்று முடித்துவிட்டான்.

பேங்கில் லோன் மனு வந்தாலும் இதே கேள்விதான். மெஷினைப் பார்ப்பதா, ஓட்டுகிற ஆளைப் பார்ப்பதா? நம்ம மைசூர்ப் பக்கமே இதற்கு ஒரு பழைய கேஸ் இருக்கிறது. மகசீர்.

1946 மார்ச் 22. கபினி ஆற்றில் டி வெட் வான் இங்கன் 120 பவுண்டு மகசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். கிட்டத்தட்ட 54 கிலோ! பதிவானதில் மிகப் பெரியது என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்த மைசூர்க் குடும்பம் அவருடையது. (அண்ணன் தம்பிகளுக்கு போயர் யுத்தத் தளபதிகளின் பெயர்கள். இது நம் கணக்கில் வராது, விடுங்கள்.)

இரை பற்றிய சர்ச்சை அதற்கும் முந்தையது. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் பற்றிப் புத்தகம் போட்டார். கரண்டி முனை போல் நீரில் மின்னுகிற உலோகத் தகட்டைப் பற்றியும் அதில் விவரமாக எழுதியிருக்கிறார். ஆனால் பிற்காலத்தில் காவிரியில் பேர் வாங்கியது எது தெரியுமா? ராகி! மாவைப் பிசைந்து, உருட்டி, முள்ளில் நிற்கிற அளவுக்குக் கெட்டியாக வேகவைத்த உருண்டை. களி சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான் :-)

1977-78-ல் மூன்று ஆங்கிலேயர்கள் வந்து காவிரியில் பெரிய மகசீர் இன்னும் இருக்கிறது என்று காட்டிய பிறகு, பீமேஸ்வரி, காலிபோர் பக்கம் வெளிநாட்டார் வர ஆரம்பித்தார்கள். தூண்டில் அவர்களுடையது. எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று தெரிந்தவர் உள்ளூர் வழிகாட்டி. மீன் பாய்ந்து நரம்பு பாறையில் சிக்கினால் பரிசலைச் சுழலுக்குள் விட்டு எடுத்துவிடுபவரும் அவரே. போட்டோவில் மீனோடு சிரிப்பவர் மட்டும் வேறு ஆள். கையெழுத்துப் போட்டவர் பேரில்தானே கணக்கு!

ஆக, கைதான் பெரிது என்று பையனிடம் சொல்லப் போனேன். அதற்குள் ஒரு லெட்ஜர் கண்ணில் பட்டது.

1998 முதல் 2012 வரை காலிபோர் முகாமில் பிடித்த மீனையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 23,620 மணி நேரம், 6,161 மகசீர். மீனுக்குச் சராசரி நாலு மணி நேரம் கூட இல்லை. பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. வருஷம் போகப் போக மொத்த எண்ணிக்கை கூடியது. ஆனால் காவிரிக்கே உரிய, முதுகில் திமில் உள்ள பெரிய மகசீர் மட்டும் அருகிக்கொண்டே வந்தது. கூடியதெல்லாம் லோனாவாலாவில் குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு வகை. அதே வழிகாட்டிகள், அதே ராகி. அடமானச் சொத்து மாறிப்போனதை லெட்ஜர்தான் சொன்னது.

திமில் மகசீருக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே வருஷம் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்றும் அறிவித்தார்கள்.

அது இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானது நம்ம மாயாறு. தீபாவளிக்குத் திம்பம் மலை இறங்கி ஈரோடு போகும்போது, மாயாறு இந்தப் பக்கம்தான் பவானிசாகருக்குப் போகிறது என்று பையனுக்குக் காட்டவேண்டும். பொம்மை இன்னும் வாங்கவில்லை.