பிரேக் இல்லாத சைக்கிளும் ஒரு மேயரும்

'பிரீமியம் ரஷ்' பார்த்திருக்கீங்களா மக்களே? 2012-ல வந்த படம், டேவிட் கோப் இயக்கம். நியூயார்க்ல சைக்கிள் கூரியர் பையனா ஜோசப் கோர்டன்-லெவிட். கொலம்பியா யுனிவர்சிட்டியில ஒரு கவரை வாங்கி, சாயங்காலம் ஏழு மணிக்குள்ள சைனாடவுன்ல சேர்க்கணும். பின்னாடியே துரத்துறார், சூதாட்டக் கடன்ல மூழ்கின போலீஸ்காரர் மைக்கேல் ஷானன். கதை அவ்வளவுதான். ஆனா ஒன்றரை மணி நேரம் நம்மளை நகம் கடிக்க வச்சுடறாங்க :-)

ஹீரோ சைக்கிள்ல பிரேக்கே கிடையாது. பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுத்தும். நிறுத்தணும்னா காலாலதான் அடக்கணும். ஷூட்டிங்ல நிஜமாவே ஒரு டாக்சி கண்ணாடியில மோதி, கோர்டன்-லெவிட்டுக்குக் கையில 31 தையல்! அந்தக் காட்சியைப் படம் முடிஞ்சதும் காட்டுவாங்க, எழுந்து போயிடாதீங்க.

சரி, இந்த ஆளுங்க ஏன் இப்படி உயிரைப் பணயம் வச்சு ஓட்டறாங்க? த்ரில்லுக்கா? வரலாறு வேற சொல்லுது.

சைக்கிள்ல தபால் கொண்டு போறது ரொம்பப் பழசு. 1894-ல அமெரிக்காவுல புல்மன் ரயில் வேலைநிறுத்தம். ரயில் நின்னதும் தபாலும் நின்னுச்சு. கலிஃபோர்னியாவுல ஆர்தர் பான்டாங்கற சைக்கிள் வியாபாரி, ஃப்ரெஸ்னோவுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நடுவுல 210 மைலுக்குத் தொடர் ஓட்டம் மாதிரி ஆள் நிறுத்தித் தபால் அனுப்பினார். தனி ஸ்டாம்பு கூட அடிச்சார். அதுல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எழுத்துப்பிழை!

1980-கள்ல நியூயார்க்தான் இந்தத் தொழிலோட தலைநகரம். வக்கீல் பத்திரம், விளம்பரப் படம்னு எல்லாத்தையும் கையாலதான் கொண்டு போகணும். மன்ஹாட்டன் டிராஃபிக்ல காரை விட சைக்கிள்தான் வேகம். கூலி? பெரும்பாலும் கவருக்கு இவ்வளவுன்னு. சிவப்பு விளக்குல நின்னா நஷ்டம் ஓட்டறவனுக்கு. அவசரம் கம்பெனிக்காரனோடது, திட்டு வாங்கறது சைக்கிள்காரன்.

1987-ல மேயர் எட் காச் ஒரு தடை அறிவிச்சார். ஃபிஃப்த், பார்க், மேடிசன் அவென்யூக்கள்ல, 31-ஆம் தெருவுல இருந்து 59-ஆம் தெரு வரைக்கும், வார நாள்ல காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை சைக்கிளே கூடாது. பாதசாரிகள் பாதுகாப்புதான் காரணம்னார். பயம் நியாயமானதுதான், சைக்கிள் மோதி அடிபட்டவங்க இருந்தாங்க. ஆனா தடை கவருக்குக் காசுங்கற முறையைத் தொடவே இல்லை. கூத்து என்னன்னா, 1980-ல தடுப்பு வச்ச சைக்கிள் பாதை போட்டதும் இதே மேயர்தான், எதிர்ப்பு வந்ததும் சீக்கிரமே எடுத்ததும் அவர்தான்!

கூரியர் பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? நூத்துக்கணக்குல கூடி, ரோட்டை அடைச்சுக்கிட்டு மெ...துவா ஓட்டினாங்க. வேகத்துக்குத் திட்டு வாங்கினவங்களுக்கு மெதுவா போறதே ஆயுதம்! சாதாரண சைக்கிள்காரங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. கடைசியில, முறைப்படி அறிவிப்பு வெளியிடலைன்னு நீதிமன்றம் தடையைத் தள்ளிடுச்சு.

தடையால முடியாததை ஃபேக்ஸும் ஈமெயிலும் செஞ்சுது. கவர் குறைஞ்சுது, ஆளும் குறைஞ்சாங்க. இப்போ அதே தெருக்கள்ல சாப்பாட்டுப் பையோட வேற ஆளுங்க ஓடறாங்க. அவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலின்னு ஒண்ணு, மணிக்கு 17.96 டாலர்னு, நியூயார்க்ல நடைமுறைக்கு வந்தது 2023 டிசம்பர்லதான்.

அடுத்த தடவை படம் பார்க்கும்போது அந்தப் போலீஸ்காரரை விடுங்க. அவனை நிஜமா துரத்துறது கவருக்கு இத்தனைங்கற அந்தக் கூலிதான்.